செட்டிநாட்டுப் பழைய வீட்டை விடுதியாக்கிய மூன்றரை ஆண்டுகள்: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் ஊரில் என் கணவரின் பூர்வீக வீடு இருக்கிறது. 2018இல் அவர் காலமான பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை படைப்புக்காக, அதாவது முன்னோர் வழிபாட்டுக்காக, மட்டும் திறக்கப்பட்டு மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடந்த அந்த வீட்டைப் பழுதுபார்த்து, விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். ₹70 லட்சம் செலவில் ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ₹1 கோடியே 34 லட்சம் செலவாயிற்று. மூன்றரை ஆண்டுகள் ஆயின. கூடுதலாகப் போன பணத்தில் பெரும்பகுதி வீட்டுக்காகச் செலவானதன்று, என் அவசரத்துக்காகச் செலவானது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்று பல குடும்பங்கள் இதே எண்ணத்தோடு பூட்டிய வீட்டின் முன் நின்று யோசித்துக்கொண்டிருக்கின்றன. அவர்களில் ஒருவருக்காவது என் அனுபவம் ஒரு மழைக்காலத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தால் அதுவே எனக்குப் போதும்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முகப்பின் சுதைவேலைக்கு நடுவே 1917 என்று பொறித்திருக்கிறது. கட்டியவர் என் கணவரின் பாட்டையா. அவர் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்; ஐராவதி ஆற்றுப் பகுதியில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துத் தொழில் செய்த எத்தனையோ நகரத்தாரில் (செட்டிநாட்டுச் செட்டியார்களில்) ஒருவர். தூண்களும் உத்திரங்களும் பர்மாத் தேக்கு; முகப்பின் தரை இத்தாலியப் பளிங்கு; முகப்பைத் தாண்டிய உள்கட்டான வளவின் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிப் பூக்கல் என்ற தரைக்கல். வளவின் நடுவே முற்றம், அதைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் இரட்டை அறை, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, சமையலுக்கு மூன்றாம் கட்டு, கொல்லை, கிணறு என்று ஒரே நேர்க்கோட்டில் போகும் வீடு. முகப்பில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவின் வெளிச்சம் தெரியும். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது குடும்பத்தார் பலர் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பினார்கள். 1948இல் அந்நாடு விடுதலை பெற்ற பிறகு நிலங்களும், 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாயின. வீட்டைப் பராமரித்துவந்த வருமானம் அத்தோடு நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் அங்கிருந்து அயல்நாடுகளுக்கும் போனார்கள். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரும்பாலான வீடுகளின் கதை ஏறக்குறைய இதுதான். கட்டிய தலைமுறைக்குக் கிடைத்த வருமானம் காக்க வேண்டிய தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதைப் பலர் எனக்கு உற்சாகமாகச் சொன்னார்கள். நானும் ஏதோ உதவி கிடைக்கும் என்று நம்பிச் சில மாதங்கள் அலைந்தேன். உத்தேசப் பட்டியலில் இருப்பதனால் தனியார் வீட்டுக்குப் பணமோ சட்டப் பாதுகாப்போ தானாக வந்துவிடுவதில்லை. அந்த மாதங்களைப் பத்திரங்களைப் பார்ப்பதில் செலவிட்டிருக்கலாம்.

பத்திரம்தான் என் முதல் தவறு. வீட்டில் ஒன்பது பங்கு. பங்காளிகள் யாரும் விற்கச் சம்மதிக்கவில்லை. எனக்கும் விலைக்கு வாங்கும் வசதி இல்லை. ஆகவே 25 ஆண்டுக் குத்தகைக்கு எழுதித் தரக் கேட்டேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நாளைக்கு நிற்காது. இதை நான் அறிந்திருந்தேன், முறையாகப் பதிவும் செய்தேன். பங்காளிகளின் உண்மையான கவலை வாடகையைப் பற்றியதன்று என்பதும் பேசப் பேசத்தான் புரிந்தது. சாமி வீட்டில் படைப்பு தொடர்ந்து நடக்குமா, கல்யாணம் என்றால் வளவு கிடைக்குமா, இவையே அவர்கள் கேட்ட கேள்விகள். சாமி வீட்டை விடுதியோடு சேர்ப்பதில்லை, அதன் சாவி மூத்த பங்காளியிடமே இருக்கும், ஆண்டில் இத்தனை நாள் வீடு குடும்பத்துக்கு என்று பத்திரத்திலேயே எழுதினோம். அதன் பிறகு ஒருவர்கூடத் தயங்கவில்லை. நீங்கள் பங்காளிகளிடம் பேசப் போகும்போது பணத்தைப் பற்றிய பேச்சை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 2021 ஜனவரியில் நாங்கள் பதிந்த அந்தப் பத்திரத்தில் ஆண் வாரிசுகளின் கையெழுத்து மட்டுமே இருந்தது. பத்திரம் எழுதியவர், “பெண்களுக்குச் சீர் செய்து கொடுத்தாகிவிட்டதே, அவர்கள் கையெழுத்து எதற்கு?” என்றார். ஊர் வழக்கமும் அதுதான் என்பதால் நானும் விட்டுவிட்டேன். அதே ஆண்டு செப்டம்பரில், மூத்த கிளையில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட இரண்டு நாத்தனார்களிடமிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. எனக்குக் கோபத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. அந்த வளவில் தவழ்ந்து வளர்ந்தவர்கள் அவர்கள். மணமாகி உள்ளே வந்தவள் நான். நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகு வேறொரு வழக்கறிஞர் எனக்கு நிதானமாக விளக்கினார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் பங்கில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் உரிமையைத் தமிழ்நாட்டின் 1989 திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குத் தந்தது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் மணமான, மணமாகாத என்ற வேறுபாட்டை எடுத்துவிட்டது. அந்த உரிமைக்குத் தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. எங்கள் வீட்டில் பதிவான பாகப்பிரிவினையே கிடையாது. ஆகவே தாய்ப்பத்திரத்தில் தொடங்கி ஒவ்வொரு கிளையிலும் பிறந்த அனைவரையும், இறந்துபோன பெண்களின் பிள்ளைகள் உட்பட, ஒரு தாளில் வம்ச மரமாக வரைந்துகொள்ளுங்கள். வாரிசுச் சான்றுகளோடு ஒப்பிட்டு, ஒரு பெயர்கூட விடாமல் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஓட்டில் கை வைக்க வேண்டும். அயல்நாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். அது இங்கு வந்து முத்திரை வைத்து முடியச் சில மாதங்களாவது ஆகும்.

அறிவிப்பு வந்த நாளில் எங்கள் கூரையில் பாதி ஓடு இறக்கப்பட்டிருந்தது. செட்டிநாட்டுக் கூரையில் கையால் செய்த நாட்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்காக வேய்ந்திருப்பார்கள். வெயிலையும் மழையையும் தாங்குவது அந்த அடுக்குகள்தாம். வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. திறந்த பகுதியைத் தார்ப்பாயால் மூடினோம். அந்த 2021 நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் எப்படி மழை பெய்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். காற்றில் தார்ப்பாய் கிழிந்து, முற்றத்தின் நான்கு மூலையிலும் கூரைச் சரிவுகள் சேரும் கூடுவாய்களின் வழியே தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கியது. சாரத்துக்கும் தார்ப்பாய்க்கும் மட்டும் ₹2 லட்சத்து 80 ஆயிரம் போனது. உத்திரங்களில் பதினொன்று சுவருக்குள் இருந்த நுனியில் இற்றுவிட்டன. தேக்கின் வைரப்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் நுனியில் வெள்ளைப்பகுதி இருந்து, அது ஈரச் சுவருக்குள் கிடந்தால் அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கும்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஓடு இறக்கியபோது கழற்றிய பழைய சட்டங்களையும் துண்டு உத்திரங்களையும் இடத்தை அடைக்கிறதே என்று ஒரு பழைய மர வியாபாரிக்கு ₹90 ஆயிரத்துக்குக் கொடுத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து, இற்ற நுனிகளை வெட்டி ஒட்டுப்போட அதே வயதுள்ள தேக்கு வேண்டும் என்று ஆசாரி சொன்னபோது, வேறிடத்தில் ₹6 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்து வாங்கினேன். வேலை முழுவதும் முடியும்வரை வீட்டிலிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகக் கூடாது. உடைந்த ஓடு, கழன்ற கொண்டி, ஓரம் சிதைந்த பூக்கல் என்று எல்லாவற்றையும் ஓர் அறையில் எண் போட்டு அடுக்கி வையுங்கள்.

2022 ஏப்ரலில் சென்னையில் நாத்தனார்கள் இருவரையும் நேரில் பார்த்துப் பேசி, பத்திரத்தைத் திருத்தி எழுதினோம். ஏழு மாதம் போயிருந்தது. ஒப்பந்தக்காரர் வாங்கிய முன்பணம் ₹3 லட்சத்தோடு வேறு வேலைக்குப் போய்விட்டார். டிசம்பரில் விருந்தினர் வரும் காலத்தைத் தவறவிடக் கூடாது என்ற பதற்றம் எனக்கு. அந்தப் பதற்றத்தில்தான் மிகப் பெரிய தவறைச் செய்தேன்.

மழையில் ஊறிய சுவர்களின் பூச்சு சில இடங்களில் பொதபொதவென்று ஆகியிருந்தது. தட்டினால் உள்ளே காற்று இருக்கிற ஓசை கேட்கும். புதிதாக வந்த ஒப்பந்தக்காரர், சுண்ணாம்பு வேலை என்றால் எட்டு மாதம், சிமெண்ட் என்றால் ஆறு வாரம் என்றார். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனாரும் இந்த வீட்டில் வேலை செய்தவர். அவர் சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, “ஆச்சி, இது குடிச்ச தண்ணிய எங்கயாவது கக்கணும்ல? சிமெண்டப் பூசுனா வழி அடைபட்டுப் போகும்” என்றார். நான் கேட்கவில்லை. ₹5 லட்சத்து 20 ஆயிரம் செலவில் எட்டு அறைகளுக்கும் இரண்டாம் கட்டுக்கும் சிமெண்டுப் பூச்சு முடிந்தது. டிசம்பரில் திறந்தோம். பிப்ரவரியில் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெண்மையாக உப்புப் பூத்தது. விரலால் தொட்டால் பொடியாக ஒட்டிக்கொள்ளும். மார்ச்சில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பூச்சு கைப்பிடி அளவுக்குப் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. ஒரு விருந்தினர் காலையில் தன் பெட்டிமீது விழுந்திருந்த சிமெண்டுத் துண்டை என் கையில் கொடுத்தார். அவர் கடிந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை. அன்று மாலை கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

கொத்தனார் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பின்னர் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டேன். இந்த வீடுகளின் செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் இல்லை. தரையிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் நிறைய இருப்பதால் ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். சிமெண்டு கெட்டியானது, அடர்த்தியானது. ஈரம் வெளியேற வழியின்றி மேலே மேலே ஏறும். அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சையும், அதோடு சேர்த்துப் பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துவிடும். பழைய சுவரில் சிமெண்டைப் பூசியவர் பூச்சை மட்டும் இழப்பதில்லை, சுவரிலும் ஒரு பகுதியை இழக்கிறார்.

2023 ஏப்ரலில் ஆறு அறைகளை மூடினேன். சிமெண்டைக் கொத்தி எடுக்க ₹1 லட்சத்து 60 ஆயிரம். பிறகு அந்தப் பெரிய கொத்தனாரிடமே போய் மன்னிப்புக் கேட்டு, வேலையை ஒப்படைத்தேன். அவர் முதலில் செய்தது, மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் சுவரைக் காயவிட்டதுதான். அந்த மூன்று மாதத்தில் தொட்டிகளில் சுண்ணாம்பு ஊறியது. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் தனியாகப் புளித்தது. பூச்சு, அடுக்கு அடுக்காக ஏறியது. முதல் அடுக்கு பெருமணலோடு. அடுத்தது சலித்த மணலோடு. அதற்கு மேல் அம்மியில் அரைத்தது போன்ற வெண்சாந்து. கடைசியாக முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய மேற்பூச்சு. ஒவ்வோர் அடுக்கும் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் இறுகும். அதுவரை வெயில் படாமல் ஈரம் காத்து வைக்க வேண்டும். மேற்பூச்சு பாதி இறுகிய நிலையில், உள்ளங்கையளவு வழவழப்பான கூழாங்கல்லை வைத்து, ஒரே சீரான அழுத்தத்தில் மணிக்கணக்காகத் தேய்த்தார்கள். முதலில் மங்கலாக இருந்த சுவர் சாயங்காலத்துக்குள் எதிர்ச் சன்னலின் கம்பிகளைக் காட்டத் தொடங்கியது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், பளிங்கு போலக் குளிர்ந்தது. ₹11 லட்சத்து 50 ஆயிரம் ஆனது. முதலிலேயே செய்திருந்தால் கூடுதலாக ஒரு ரூபாயும் ஆகியிருக்காது.

பூக்கல் தரையிலும் இதே பாடம்தான். திறப்பு விழாவுக்கு முந்திய வாரம், தரையின் கறையைப் போக்குவதாகச் சொல்லித் துப்புரவுக்கு வந்தவர்கள் ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். ஆத்தங்குடிக் கல் சுட்டுச் செய்வதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் கொடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் பளபளப்பு. சிமெண்டை அமிலம் அரிக்கும் என்பதால் ஒரு மணி நேரத்தில் தாழ்வாரத்தின் ஒரு பக்கம் முழுவதும் மங்கிவிட்டது. வெறும் தண்ணீர், அவ்வப்போது துணியில் தோய்த்த தேங்காய் எண்ணெய், இவற்றுக்கு மேல் அந்தத் தரைக்கு எதுவும் வேண்டாம். வேலைக்கு வருபவர்களிடம் இதை முதல் நாளே சொல்லி, ஆசிட் புட்டியை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள்.

குளியலறைகளைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடுதி என்றால் விருந்தினர் முதலில் கேட்பது அதைத்தான். பழைய வீட்டில் அறையோடு சேர்ந்த குளியலறை கிடையாது. மாடியில், மரச்சட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மச்சுத் தளத்தில் குளியலறை வைக்கும்படி ஒருவர் வரைபடம் போட்டுத் தந்தார். நல்லவேளையாகப் பொறியாளர் ஒருவர் தடுத்தார். ஓயாத ஈரத்தை அந்த மரம் தாங்காது. கீழ்த்தளத்து இரட்டை அறைகளில், வெளிச்சுவரை ஒட்டிய உள்ளறைகளை மட்டும் குளியலறையாக்கினோம். பழைய தரையை உடைக்காமல் அதன்மேல் ஒரு படி உயர்த்திப் புதுத் தரை போட்டு, குழாய்களை அந்த இடைவெளியில் கொண்டுபோனோம். பழைய சுவரைத் தொடாமல் இரண்டு அங்குலம் விட்டு மெல்லிய புதுச் சுவர் எழுப்பியதால், குளிக்கிற தண்ணீர் சுண்ணாம்பின்மேல் படுவதேயில்லை. நாளைக்கு யாராவது இதை எடுத்துவிட்டு வீட்டைப் பழையபடி ஆக்க நினைத்தாலும் ஆக்கலாம். கழிவுத் தொட்டியைக் கிணற்றிலிருந்து அறுபது அடிக்கு மேல் தள்ளி வைத்தோம். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குத் தனிக் குழாய் போட மறந்துவிடாதீர்கள். சிறிய விஷயம், ஆனால் ஒரு கோடைக்குள் சுவரில் அடையாளம் வைத்துவிடும்.

அரசு அலுவலக வேலைகள் நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். சமையல் இருப்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். அயல்நாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரங்களை இணையத்தில் அனுப்ப வேண்டும். ஆண்டு வரவு ₹20 லட்சத்தைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயம். நாள் வாடகை ₹7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதையும் கணக்கில் வைத்து வாடகையை நிர்ணயியுங்கள். வங்கிக் கடனை மட்டும் நம்ப வேண்டாம். பிரிக்கப்படாத பங்குள்ள வீட்டை ஈடாக ஏற்க நான் போன வங்கிகள் மறுத்துவிட்டன. கணவரின் ஓய்வுக்காலப் பணமும் என் நகையும்தான் இதில் இறங்கின.

2024 ஜூலையில் எட்டு அறைகளோடு மீண்டும் திறந்தோம். இப்போது மாதச் செலவுக்கு வருமானம் சரியாக இருக்கிறது. போட்ட முதல் திரும்ப இன்னும் பல ஆண்டுகள் ஆகும். கடந்த படைப்புக்கு நாத்தனார்கள் இருவரும் பேரப்பிள்ளைகளோடு வந்து, தாங்கள் பிறந்த அறையிலேயே தங்கினார்கள். இளையவர் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார்.

மூன்றாம் கட்டின் வடக்குச் சுவர் இன்னும் பூசப்படாமல் செங்கல்லாகவே நிற்கிறது. 2021 மழையில் அதிகம் குடித்தது அதுதான். கீழ் இரண்டடியில் இன்னும் ஓதம் இருக்கிறது. விருந்தினர் கேட்டால் காரணத்தைச் சொல்கிறேன். வரும் மாசியில் கொத்தனார் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால் சுண்ணாம்பை ஊறவைப்போம். இல்லையென்றால் அடுத்த மாசி.